என்ன வேண்டுதல்?

மலைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தால் மனம் அமைதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. போகிறவரைக்கும் நான் அமைதியாகத்தான் இருந்தேன். நாற்பத்தெட்டு வயது வரை எங்கள் தெருவில் என்னைப் போல அமைதியானவள் கிடையாது. "அவங்க வீட்ல இருக்குற எடமே தெரியாதுங்க" என்று ஊரிடம் நற்சான்று வாங்கியவள். மலையிலிருந்து இறங்கும்போதுதான் கோபத்தோடு இறங்கினேன். இன்னும் அது முழுதாகத் தணியவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலை அது. ஆவணி மாதம் வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கடையைக் கடப்பார்கள். கேட் போட்டிருந்தால் என் கடை நிழலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். அவர்கள் கொப்புளத்தைப் பார்த்து மற்றவர்கள் பாவம் என்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். இருபது வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் எல்லாரும் கிழக்கே, கடலுக்கு நடந்தார்கள். எனக்கு மேற்கே நடக்க வேண்டும், ஆறு வருகிற திசையில், தரை மேடாகி மலையாகிற இடம் வரைக்கும். எங்கள் பக்கத்தில் பிறந்தவளுக்கு மேடு என்றால் வரப்பு. அதை விட்டால் மேம்பாலம். பாறை பார்க்க வேண்டுமென்றால் கோயில் மதில்தான்.

ஆனால் பொம்பளை சும்மா நடக்க முடியாது. ரேஷன் கடைக்கு நடக்கலாம், நடவுக்கு நடக்கலாம், பஸ் வராவிட்டால் நடக்கலாம். எட்டு ஒன்பது நாள் தனியாக நடக்கிறேன் என்றால் ஊர் முதலில் கேட்பது, "என்ன வேண்டுதல்?" அதற்குப் பதில் இருந்தால் வழிவிடும், மோர் கொடுக்கும், உட்கார வைத்து விசிறிவிடும். பதில் இல்லையென்றால் அடுத்த கேள்வி, "யாரு கூட?"

என் கணவர் குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கிறவர். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு வருஷம் தவறாமல் மலைக்குப் போவார். இருபத்திரண்டு வருஷம் போனார். மாலை போட்ட நாளிலிருந்து வீடு அவரைச் சுற்றித்தான் ஓடும். விடிவதற்கு முன்னால் எழுந்து நான் அடுப்பு மூட்ட வேண்டும், தனிப் பாத்திரம், தனிப் பாய். அவரிடம் யாரும் என்ன வேண்டுதல் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சித்திரையில் நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தேன். பிழைத்து வந்து, மெல்ல வயலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, அண்ணனுக்காக எதாச்சும் வேண்டிக்கிட்டீங்களா?"

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. "ஆமா. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட இருக்குற மலைக் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். தனியா வர்றேன்னு."

பச்சைப் பொய். ஆஸ்பத்திரியில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்த மாத்திரை பின் என்பதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன நிமிஷமே எல்லாக் கதவும் திறந்துகொண்டது. என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் வைத்து முடிந்து, உண்டியலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். "நான் என்ன புண்ணியம் பண்ணேனோ" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தை கடைசியில், சம்பா அறுப்பு முடிந்ததும் கிளம்பினேன். முதுகுப் பையில் என்ன வைப்பது என்பதை நானே முடிவு செய்தேன். எனக்கென்று மட்டும் மூட்டை கட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் எந்தப் பயணத்திலும் என் பையில் பாதி, மற்றவர்களின் துண்டும் மருந்தும் முறுக்குமாகத்தான் இருக்கும். இந்தப் பையில் ஒரு பொருள்கூட இன்னொருவருக்கானது இல்லை. தூக்கித் தோளில் போட்டபோது அவ்வளவு கனமில்லை.

தஞ்சாவூர், கல்லணை, கொள்ளிடம் தாண்டி வடமேற்கே. பகலில் நடந்து, இருட்டுவதற்குள் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தையோ சத்திரத்தையோ பிடித்துவிடுவேன். முதல் மூன்று நாள் வழியெல்லாம் அதே கேள்வி. "வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், அதான்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தது. சொன்னவுடன் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா என் காலைத் தொடவே வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கோபம் எட்டிப் பார்த்தது. நடக்கிறது என் கால், வலிக்கிறது என் முட்டி, பெயர் மட்டும் அவருக்கா என்று தோன்றியது. நினைத்ததும் பயந்து போனேன். நன்றி கெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலாம் நாளுக்குப் பிறகு என்னமோ ஆனது. பசித்தபோது சாப்பிட்டேன். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குப் பசிக்கும், அதுவரை பசி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. பேசத் தோன்றாதபோது பேசாமல் இருந்தேன். வீட்டில் நான் பேசாமல் இருந்ததும் இதுவும் ஒன்றில்லை என்று புரிந்தது. என் நடைக்கென்று ஒரு வேகம் இருந்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் வேகத்துக்கு நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஒன்பதாம் நாள் மலை ஏறினேன். மேலே ஊர்கள் உண்டு, மரவள்ளிக் காடு உண்டு, பலா மரங்கள் உண்டு. மறுநாள் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது எங்கேயோ ஒரு கிளைப் பாதையில் தவறித் திரும்பிவிட்டேன். மரங்களுக்குள்ளே பாதை மறைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பயப்படவில்லை, ஏனென்றால் பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் நடை பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: வழி தெரியாவிட்டால் வாய்க்காலைப் பிடி. எந்த வாய்க்காலும் ஏதாவது ஓர் ஊரைத் தொட்டுத்தான் போகும். மதகு வரும், மதகடியில் மாடு குளிப்பாட்டுகிற ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஓடையும் கிழக்கே பார்த்துத்தான் ஓடியது, எங்கள் ஊர்த் தண்ணீரைப் போலவே. அது போதும் என்று பிடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்று மணி நேரம். பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வேரைப் பிடித்துத் தொங்கி, இரண்டு முறை விழுந்து எழுந்து இறங்கினேன். மதகு வரவில்லை. திடீரென்று தண்ணீர் இருந்தது, எதிரே தரை இல்லை. ஓடை அப்படியே விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பனைமரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக நாலு நட்டாலும் எட்டாத ஆழம்.

அந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் கண்ணுக்குச் சாவு தெரியவில்லை. போஸ்டர்தான் தெரிந்தது. நீடாமங்கலம் கேட்டுக்குப் பக்கத்தில், என் கடை ஷட்டர் மேலேயே ஒட்டுவார்கள். கண்ணீர் அஞ்சலி. என் ஆதார் அட்டைப் போட்டோ. கீழே, கணவனின் உயிரைக் காக்க மலையேறி உயிர் நீத்த உத்தமி. மாலை போடுவார்கள். என் கணவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார், உண்மையாகவே அழுவார். ஐம்பது வருஷம் கழித்தும் என்னைப் பற்றி அந்த ஒரு வரிதான் இருக்கும், அதுவும் பொய். நான் ஆசைப்பட்டு நடந்தேன் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சத்தம் போட்டுக் கத்தினேன். "எனக்காகத்தாண்டா வந்தேன்!" யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று கேட்காதீர்கள். அந்த ஆத்திரம்தான் என்னை மேலே ஏற்றியது. முட்டி வீங்கி, பையின் ஒரு பட்டை அறுந்து, நான்கு காலில் தவழ்ந்து ஏறினேன். இருட்டுகிற நேரத்துக்கு, விறகு சுமந்து வந்த ஒரு மலைக்காரப் பெண்ணின் கண்ணில் பட்டேன். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைச் சொன்னேன். விறகைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

"தண்ணிய நம்பி யாராச்சும் இறங்குவாங்களா? தண்ணி விழுந்தா எந்திரிச்சுப் போயிடும். நீ விழுந்தா?"

அவள் வீட்டில் இரண்டு நாள் கிடந்தேன். முட்டிக்கு ஏதோ பச்சிலை அரைத்துக் கட்டினாள். ஒரு தடவைகூட அவள் என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. கோயிலுக்கு நான் போகவே இல்லை. அடிவாரத்துக்கு இறங்கி வந்தபோது பர்ஸ் எங்கேயோ ஓடையில் விழுந்துவிட்டது தெரிந்தது. இடுப்பில் மஞ்சள் துணி மட்டும் இருந்தது. அதை அவிழ்த்து அந்தக் காசில் ஒரு டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீ நான் குடித்ததில்லை. என் போன் தண்ணீர் பட்டு அணைந்திருந்தது, டீக்கடைக்காரர் போனை வாங்கி வீட்டுக்குச் சொன்னேன். என் கணவர் அந்தக் கடைக்காரருக்கே பணம் அனுப்பி என்னை பஸ் ஏற்றிவிடச் சொன்னார்.

நீடாமங்கலத்தில் இறங்கினேன். பைக்கோடு காத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் தூங்காத முகம். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் கேட் போட்டிருந்தது. எங்கள் ஊர் கேட் போட்டால் சீக்கிரம் திறக்காது. பஸ், லாரி, நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் நின்றன. யாரும் எங்கேயும் போக முடியாது. பக்கத்தில் உரக்கடைக்காரர் அவர் வண்டியில் நின்றார். என் கட்டுப்போட்ட முட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னங்க, அக்காவுக்குக் கால்ல?"

என் கணவர் ஆரம்பித்தார். "எனக்காகங்க. என் உசுருக்காக மலை ஏறியிருக்கா. காட்டுக்குள்ள மூணு நாளு. இந்தக் காலத்துல எந்தப் பொண்டாட்டி செய்வா?" டிராக்டர்காரர் எட்டிப் பார்த்தார். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா உச்சுக்கொட்டினாள். போஸ்டரை உயிரோடு இருக்கும்போதே ஒட்டிவிட்டார்கள்.

நான் பைக்கிலிருந்து இறங்கினேன்.

"உங்களுக்காக இல்லங்க" என்றேன். "எனக்கு வேண்டுதலே கெடையாது. மலைய பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, நடக்கணும்னு இருந்துச்சு, விடமாட்டீங்கன்னு பொய் சொன்னேன். கோயிலுக்கே போகல. நீங்க முடிஞ்சு குடுத்த காசுல டீ குடிச்சேன்."

உரக்கடைக்காரர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் இருந்த அம்மா மட்டும் "சிவ சிவா" என்றாள். ரயில் வந்து போனது. கேட் திறந்தது. என் கணவர் என்னைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கேட்டிலிருந்து வீடு நாலு கிலோமீட்டர். வீங்கிய முட்டியோடு நடந்தேன். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், எங்கள் ஊரில் அது பொய் சொல்லாது. வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப எனக்காக யாருமே வேண்டிக்கலையா?" என்று கேட்டார்.

இதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "பதினோரு நாளு உங்க பக்கத்துலதாங்க இருந்தேன்" என்றேன். "வேண்டிக்கத் தோணல. மாத்திரைய நேரத்துக்குக் குடுக்கத்தான் தோணுச்சு." அதன் பிறகு பல மாதம் அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எனக்கு வேறு பெயர் வந்தது. டீ குடிச்சவ. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய அத்தனை பேர் மேலும் கோபம் இருந்தது. அவர் மேலும் இருந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன என் வாயின் மேல்தான் அதிகம்.

அடுத்த கார்த்திகையில் டாக்டர் சம்மதித்தார் என்று மறுபடியும் மாலை போட்டுக்கொண்டார். நானும் வழக்கம் போல விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டினேன். அவர் கிளம்புகிற அன்று பையில் மாத்திரைகளைத் தனித்தனியாகக் கட்டி வைத்துக்கொண்டே, இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"என்ன வேண்டுதலுங்க?"

அவர் திரும்பினார். யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"வேண்டுதல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான். மலை ஏறுனா நல்லா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். மாலை போட்டவர் செருப்புப் போடுவதில்லை.

"நானும் அதுக்குத்தாங்க போனேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் பையை அவர் கையில் கொடுத்தேன்.