மஞ்சள் கட்டத்து ஆள்

ஜெலுத்தோங் பாசார் சந்தைப் பக்கத்துத் தேநீர் ஒட்டுக்கடையில், காலையில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். ஒல்லியான மனிதர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். ஒரு விசையைத் தட்டுவார்; திரையிலுள்ள எண்களெல்லாம் மாறும். ஒரு வாய் தே குடித்துவிட்டு மறுபடி தட்டுவார்.

நான் தனி ஆள். யாரிடமும் பேச்சுக் கொடுக்க வராது. ஒருநாள் வேறு இடமில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

"கிளினிக்குக்கு எத்தனை கவுண்டர் வேணும்னு பார்க்குறேண்ணே. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். எண், அவரு காத்திருக்குற நிமிஷம். எல்லாம் கம்ப்யூட்டர் கற்பனையா போடுறது. முக்கால்வாசிப் பேருக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும். எவராவது ஒருத்தர் மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாரு லா. அப்படி வர்ற மாதிரி பார்முலா."

திரையின் கடைசி வரியில் அப்படி ஒருவர் இருந்தார்.

"இன்னொரு தட்டு தட்டுனா இவரு?"

"போயிருவாரு."

"வேணாமே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அந்த எண்ணை மட்டும் மாறாதபடி ஓரத்தில் ஒட்டி, கட்டத்துக்கு மஞ்சள் பூசினார்.

"இனி எத்தனை தட்டுனாலும் இருப்பாருண்ணே."

மறுவாரத்திலிருந்து அவர் வரவில்லை. பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. வேலை முடிந்ததும் அந்தக் கட்டத்தை அழித்திருப்பாரா, விட்டுவைத்திருப்பாரா என்று தே ஆறும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.