குளியலறைச் சுவிட்சும் கொட்டகை ரம்பமும்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில்தான் எங்கள் வீடு. அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெர்மாமீட்டரைப் பார்த்தேன்: பதினாறு டிகிரி. டைரியில் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி வரை தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. பிறகு சாப்பாடு, அரை மணி நேரத் தூக்கம். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜிங்க் தகரக் கொட்டகைக்குள் போனேன். மர வேலை என் பொழுதுபோக்கு. சனிக்கிழமை மதியம் அதற்கு ஒதுக்கியது.

அந்த வருடம் ஏப்ரலில் கம்போங் ராஜா ஊரில் பழைய மேசை ரம்பம் ஒன்று வாங்கியிருந்தேன். மேசையின் நடுவே வட்டக் கத்தி சுழலும் மெஷின் அது. கொட்டகையில் அப்போது ஒரு விளக்குக்கான வயர் மட்டுமே இருந்தது. அது இந்த மோட்டாரைத் தாங்காது. வீட்டில் இருப்பதிலேயே தடித்த வயர் குளியலறை ஹீட்டருக்குப் போவதுதான். இந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் யாரும் குளிப்பதில்லை. அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கொட்டகைக்கு நானே இழுத்தேன். ரம்பம் திணறாமல் ஓடியது. அந்தப் பெருமையில், பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் இரும்பு தீட்டும் கிரைண்டருக்கும் அதேபோல இழுத்துக் கொடுத்தேன்.

ஹீட்டரின் சுவிட்ச் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டால் சிவப்பு விளக்கு எரியும். என் கிளை வயர் அந்தச் சுவிட்சைத் தாண்டித்தான் தொடங்கியது. ஆகவே அது போட்டிருந்தால்தான் ரம்பத்துக்கும் கரண்ட் வரும். இதையெல்லாம் நோட்டில் படமாக வரைந்து வைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் தேநீர்க் கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம், ஆறு மணிக்கு முன்னால் வர மாட்டாள். சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சிற்றாலயத்துக்கான பெஞ்சு ஒன்றின் கால்களை அறுத்துக்கொண்டிருந்தேன். மெராந்தி மரம், கொஞ்சம் ஈரம். நான்கே முக்கால் இருக்கும். மூன்றாவது கால் பாதி அறுபட்டிருக்கும்போது ரம்பம் நின்றது. ஈர மரம் கத்தியைக் கவ்விக்கொண்டது, பழைய மோட்டார் சூடாகி நின்றுவிட்டது என்று முடிவு செய்தேன். மெஷின்தான் நின்றுவிட்டதே என்று அதன் சுவிட்சை அணைக்கவில்லை. பிளக்கையும் கழற்றவில்லை. இரண்டு விரல்களைக் கத்தியின் பக்கவாட்டில் கொடுத்து மரத்தை நெம்பினேன். அசையவில்லை. ஆப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலை பாதியில் நின்றால், எந்த அளவில் நின்றது என்பதை எழுதிவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பேன். ஓரத்தில் இருந்த வேலை மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். 'மூன்றாவது கால், 170 மி.மீ. வரை' என்று எழுதி முடிப்பதற்குள் ரம்பம் அலறியது. கவ்வியிருந்த கட்டை பின்பக்கமாகப் பறந்து, நான் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி, ஜிங்க் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே விழுந்தது. நோட்டில் அந்த வரிக்குப் பிறகு பென்சில் கோடு ஒன்று பக்கத்தின் விளிம்பு வரை ஓடியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

"யாரு சுவிட்ச போட்டது?"

மனைவி தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றாள். "நான்தாங்க. மூடுபனியில ஆளே வரல, கடைய அடச்சிட்டாங்க. குளிக்கப் போறேன்லா."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"குளிக்கிறதுக்கு யாரக் கேக்கணும்? மொதல்ல சும்மா எரிஞ்சிட்டிருந்திச்சு, நீங்கதான் மறந்திட்டீங்கன்னு அடச்சேன். சும்மா எரிஞ்சா அடைன்னு நீங்கதான தெனம் சொல்லுவீங்க?"

உண்மை. பல வருடங்களாக அதை அவளுக்குச் சொல்லிவந்தவன் நான்தான். நான் சொன்னபடி அணைத்தாள், ரம்பம் நின்றது. குளிக்கப் போட்டாள்; ரம்பம் ஓடியது. அவள் செய்த இரண்டுமே சரி.

சத்தம் கேட்டு டிரைவர் வந்தார். சுவர் ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, ஜன்னல் வெச்சிட்டியா? காத்து நல்லா வரும்லா."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அண்ணே, நம்ம வீட்லயும் நீ அப்படித்தான இழுத்துக் குடுத்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கத் தன் வீட்டுக்கு ஓடினார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்ப என் கையாலதான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். தப்பு என்னுடையது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அந்தச் சுவிட்சைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தாள்.

அடுத்த வாரம் ரிங்லெட்டிலிருந்து லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து இரண்டு வீட்டுக்கும் தனி வயர் இழுத்தார். ரம்பத்துக்கு வேறு சுவிட்சும் மாட்டினார். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் இனி அது ஓடும். வீட்டில் மர வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நின்றுபோன மெஷினை அணைந்த மெஷின் என்று நினைக்காதீர்கள், பிளக் கண்ணெதிரே தரையில் கிடந்தால் மட்டும் கத்தியைத் தொடுங்கள். என் ஒழுங்கு அன்று என் விரல்களைக் காப்பாற்றியது தற்செயல். அந்த ஆபத்தை உண்டாக்கியதும் நோட்டுக்கு மட்டும் சொல்லி வீட்டுக்குச் சொல்லாத அதே ஒழுங்குதான்.

வயர்மேன் வருவதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. முதலில் மெயினை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கிளை வயரைக் கழற்றிச் சுருட்டினேன். பிறகு மெயினையும் ஹீட்டரையும் நானே போட்டு, தண்ணீர் சூடாக வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவளைக் குளிக்கக் கூப்பிட்டேன்.