பத்மாக்காவின் முழுப் பேர்

மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிற ஒருவர் திடீரென்று உங்களிடம், "ஒங்க பேரு என்னா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன், மஹய்யாவையில் என் மகள் யாழினி படிக்கும் முன்பள்ளி வாசலில் நடந்தது இது. கேட்டவர் பத்மாக்கா. அங்கே கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டு, இறுகிப்போன சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து கொடுக்கிறவர். அன்று கையில் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தார். வாயில் பேனா மூடி.

"நம்மள நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேரோட பேரு கேட்டிருக்காங்க யாழினி அம்மா. சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதாம். சரி, ஒங்களப் போடலாம்னு பாத்தா… எனக்கு ஒங்க பேரே தெரியல!"

"விஜயலட்சுமி."

"அடேங்கப்பா! இம்புட்டுப் பெரிய பேர வச்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

சும்மாதான் இருந்தேன். முன்பள்ளி வாசலில் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. நான் யாழினி அம்மா. எனக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பவர் ரிஷான் உம்மா. அவ்வளவுதான்.

வாராவாரம் பேப்பரில் வரும் இந்தப் பத்தியின் மேலேயும் 'யாழினி அம்மா' என்றுதான் இருக்கும். வழக்கமாகப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஏன் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை என்று சிலர் கேட்டும் இருக்கிறீர்கள். வேறென்ன… பயம்தான். மாமியார் படித்தால் என்ன நினைப்பார்? மற்ற அம்மாக்கள் என்ன சொல்வார்கள்? நாளைக்கு யாழினி வளர்ந்து, "என்னைப் பத்தி ஏன் எழுதினீங்க?" என்று கேட்டால்? ஒரு வரி எழுதிவிட்டு நாலு முறை அழிக்கிற ஆள் நான்.

படிவத்துக்கு வருகிறேன்.

பத்மாக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கணவருக்கு டவுனில் வேலை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டார்கள். இந்த முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. தானும் டீச்சராக வேண்டும்.

ஆசை வந்தால் போதுமா? பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டுமே. தோட்டத்து வேலைக்குப் போகும் முன்னால் எழுதி, கணிதத்தில் போய்விட்டதை இத்தனை வருடம் கழித்து மறுபடி எழுதினார். பரீட்சைக்குப் போன அன்று மண்டப வாசலில் நின்ற அதிகாரி, "பிள்ளையோட வந்த அம்மாமாரெல்லாம் வெளியில நில்லுங்க" என்றாராம். "நான்தாங்க அந்தப் பிள்ள" என்று அனுமதி அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனாராம் பத்மாக்கா.

பாஸ்!

அடுத்தது முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி. ஒரு வருடம். அதற்குத்தான் படிவம். அதோடு 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும். பிறகு நேர்முகத் தேர்வு. இந்தத் தடவை கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வயதைக் காட்டியே கழித்துவிடுவார்களோ என்று அவருக்கு ஒரு கலக்கம்.

"நீங்கதான் பேப்பர்ல எழுதுறீங்களே. அந்த ஒரு பக்கத்த எழுதித் தாங்களேன்."

"அதெப்படி பத்மாக்கா? உங்களப் பத்தி நீங்கதான் எழுதணும். நான் வேணும்னா பாத்துத் திருத்தித் தாறேன்."

என்ன ஒரு கடமையுணர்ச்சி, பார்த்தீர்களா!

"எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே…"

யாழினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மழை வேறு வரப்போகிறது. அவசரத்தில், "மொதல்ல முழுப் பேர்ல ஆரம்பிங்க. அப்புறம் பொறந்த இடம், படிச்சது, வேலை… அப்படியே போங்க" என்றேன்.

"முழுப் பேர்லேருந்தா?" பத்மாக்காவின் முகம் மலர்ந்தது. "அது போதுமா?"

"அது போதும்."

முழுப் பெயர் எழுதச் சொன்னதற்கு இவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, சீ.ஆர். கொப்பியிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். மேலே பெயரைத் தேடினேன். இல்லை. திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"பத்மாக்கா, முழுப் பேர எழுதச் சொன்னேனே?"

"அதத்தானே மொத வரியில இருந்து எழுதியிருக்கேன்!"

முதல் வரி இதுதான்: 'எனக்கு முதல் முழுப் பேர் விழுந்தது பத்தொன்பதாவது வயதில்.'

நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் டவுனில்தான் வேலை பார்த்தார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை என்பது எனக்குத் தெரியாது. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு முழுப் பேர் போடுவார். குறைந்தால் அரைப் பேர். பத்மாக்கா விளக்கிச் சொல்லிவிட்டு, நான் முழித்த முழியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன.

"நீங்க எம்பேரக் கேட்டீங்களா? நான் என்னமோ, இந்தம்மாவுக்குத் தோட்டத்து வெவரமெல்லாம் தெரிஞ்சிருக்கேன்னு நெனச்சிட்டேன்!"

சிரித்து முடித்து, தாளை வீட்டில் வைத்து நிதானமாகப் படித்தேன். ஒரு பகுதியை அவர் எழுதியபடியே தருகிறேன்.

'அதற்கு முந்தி நாலு மாசமும் அரைப் பேர்தான். எனக்குக் கை ஓடாது. கூடையை நிறுக்கும்போது நான் தராசைப் பார்க்கமாட்டேன். கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்ப்பேன். அரை என்றால் வாய் திறக்கும். முழு என்றால் உதடு குவியும். தினமும் திறந்த வாயைப் பார்த்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவேன். அன்றைக்கு உதடு குவிந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. வாயைப் பார்த்தே விளங்கிவிட்டது.

இப்போது பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும்போது அவர்கள் வாயைத்தான் பார்க்கிறேன். ஒரு பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை. மற்றவர்கள் அவளைப் பேசு பேசு என்றார்கள். நான் சொல்லவில்லை. குழாயடியில் குந்தி, என் வாயை அவள் பார்க்கிற மாதிரி வைத்து ப, ப என்று உதட்டை ஒட்டி ஒட்டிக் காட்டினேன். ஒரு மாசம் பார்த்தாள். பிறகு ஒட்டினாள்.'

அந்தப் பிள்ளை யாழினி.

மூன்று வயதில் அவள் பேசாமல் இருந்த நாட்களைப் பற்றி நான் இந்தப் பத்தியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. கிளினிக்குக்கு நடந்தோம். இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்து என் தூக்கம்தான் போனது. ஒருநாள் முன்பள்ளியிலிருந்து வந்தவள் 'பத்தா' என்றாள். பத்மாக்காவைத்தான் சொல்கிறாள்! 'அம்மா' வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் எனக்குப் பத்மாக்கா மேல் இருந்தது பொறாமையா, நன்றியா? இரண்டும்தான். ஆனால் அது தானாக வந்த பேச்சு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். குழாயடியில் ஒருவர் ஒரு மாதம் குந்தியிருந்தது எனக்குத் தெரியாது.

படித்து அழுதேன். சரி. அழுதுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா?

திருத்தினேன்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதிகாரிகள் கணக்கப்பிள்ளையின் வாயைப் பற்றியா கேட்டார்கள்? 'கை ஓடாது' என்று தன்னைத் தானே குறைத்து எழுதலாமா? உட்கார்ந்து புதிதாக டைப் செய்தேன். 'கலஹாவைப் பிறப்பிடமாகக் கொண்ட நான், சிறுபராயம் முதல் சிறார் கல்வியில் பேரார்வம் கொண்டவளாகத் திகழ்கிறேன்…' பேசாத பிள்ளையின் கதையை முழுதாக எடுத்துவிட்டேன். காரணம் சொல்லவும் கூசுகிறது. என் பிள்ளையின் விஷயம் வெளியே போக வேண்டாம் என்று நினைத்தேன். அவருடைய சாதனையை வெட்டுகிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "யார் இது, திகழ்கிறது?"

"பத்மாக்கா."

"பாவம்" என்றார். அவரையா என்னையா, தெரியவில்லை.

கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். பத்மாக்கா ஒரு தடவை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரோ பெரிய ஆளு மாதிரி இருக்கு" என்றார்.

நேர்முகத் தேர்வுக்கு அடுத்த நாள் வாசலில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு பத்மாக்கா?"

"நீங்க டைப் அடிச்சதத்தான் குடுத்தேன். ஒரு மேடமும் ஒரு சிங்கள சேரும் இருந்தாங்க. மேடம் படிச்சிட்டு, 'இது நீங்க எழுதினதா?'ன்னு கேட்டாங்க."

"ம்?"

"'இல்ல மேடம், யாழினி அம்மா எழுதினது'ன்னேன்."

"ஐயோ பத்மாக்கா!"

"பின்ன? பொய் சொல்லச் சொல்றீங்களா? புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கப் போறவ நானு!"

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"'அப்ப யாழினி அம்மாவையே எடுத்துக்கவா?'ன்னு மேடம் சிரிச்சாங்க. 'என்னோடது பையில இருக்கு மேடம்'னு கொப்பித் தாள எடுத்தேன். 'நீங்களே வாசிங்க'ன்னாங்க. எழுந்து நின்னு வாசிச்சேன். நடுவுல சேர் என்னான்னு கேட்டாரு. அவருக்குச் சிங்களத்துல நானே சொன்னேன்."

"யாழினி கதையுமா?"

"ஆமா." பத்மாக்கா என் முகத்தைப் பார்த்தார். "பேரு சொல்லல. ஒரு புள்ளைன்னுதான் சொன்னேன். தப்பா?"

தப்பா? இல்லை என்று தலையாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியா மேடம் கேட்டாங்க, 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?'ன்னு. கோவமா இல்ல, சும்மாதான். 'மேடம், எனக்கு எப்பவும் அரைப் பேருக்குப் பொறவுதான் முழுப் பேர் விழும்'னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாங்க. மொகத்துல ஒண்ணும் தெரியல."

பிறகு மூன்று வாரம் சத்தமில்லை. நான் கொடுத்த தாளால்தான் கெட்டுவிட்டதோ? அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை நீட்டியவர் என்று கழித்துவிட்டார்களோ? காலையில் யாழினியைக் கொண்டுபோய் விடும்போது பத்மாக்காவின் கண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவரோ வழக்கம்போலப் பெட்டி மூடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வாசலில் குடைகள் இடித்துக்கொண்டு நின்றோம். தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. உள்ளே, விறாந்தையின் அந்தக் கோடியில் பத்மாக்கா நின்றார். கையில் ஒரு நீளமான கடித உறை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. காதைக் காட்டினேன்.

பத்மாக்கா சிரித்துக்கொண்டே, எனக்கு நன்றாகத் தெரியும்படி, மெதுவாக உதட்டைக் குவித்தார்.

சத்தம் கேட்கவில்லை. வாயைப் பார்த்தே விளங்கிவிட்டது.

குடையை ரிஷான் உம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே ஓடினேன். "மழையில எங்க ஓடுறீங்க?" என்று அவர் பின்னால் கத்தினார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். யாழினி நடுவில் புகுந்து, "என்னா? என்னா? என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசாமல் இருந்த பிள்ளை! இப்போது வாயை மூடினால் போதும் என்றிருக்கிறது.

நடுவயதில் தன்னைப் புதிதாக்கிக்கொள்கிறவர்கள் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அதனால்தான் பத்மாக்காவுக்கு ஒரு 'திகழ்கிறேன்' தைத்துக் கொடுத்தேன். அவரோ கொழுந்துக் கூடையோடு நின்று வாயைப் பார்த்துப் பழகிய கண்ணைத்தான் குழாயடிக்கும் கொண்டுவந்திருக்கிறார். இனி வகுப்புக்கும் கொண்டுபோவார். தன்னைப் பற்றி எழுதுவதென்றால் அதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் போலிருக்கிறது. பத்தி எழுத்தாளர் என்று பெயர் வாங்கிய எனக்கு இதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்திருந்தது!

இதை எழுதட்டுமா என்று பத்மாக்காவிடம் கேட்டேன். வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"ஏன் மாத்தணும்? நான் என்னா களவா எடுத்தேன்? முனியாண்டி பத்மாவதின்னு முழுசாப் போடுங்க." பிறகு, "ஒங்க பேரும் வரும்தானே?" என்றார்.

யாழினியிடமும் கேட்டேன், உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று. "பத்தா வருவாங்களா? அப்ப நானும் வாறேன்" என்றாள்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் மேலே 'யாழினி அம்மா' வேண்டாம். மகேந்திரன் விஜயலட்சுமி. கொஞ்சம் நீளம்தான்… இடம் போதாவிட்டால் கட்டுரையை வெட்டுங்கள்!