வழிமறித்த சிப்பாய்

அந்த அறையை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அங்கிருந்த குட்டை நாற்காலிகள்தான். பிஜித் தீவில், லௌடோகா நகரில் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருந்த பாலர் வகுப்பறை அது. குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை மதியங்களில் அங்கே கூடுவார்கள். வளர்ந்த ஆண்கள் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து, பேரை மட்டும் சொல்லி, "நான் குடிகாரன்" என்று தொடங்குவார்கள். வீட்டார் ஒருவர் கூட வரலாம் என்பதால் சித்தப்பாவுடன் நானும் பஸ் ஏறிப் போவேன்.

சித்தப்பாவுக்கு பா ஊரில், ரராவாய் கரும்பு மில்லில் ஃபிட்டர் வேலை. ராணுவம் முதல்முறை ஆட்சியைப் பிடித்த வருஷம், சித்தியையும் மகளையும் சித்தியின் அண்ணன் கனடாவுக்கு அழைத்துக்கொண்டார். சித்தப்பா பின்னால் போவதாக ஏற்பாடு. வழியனுப்ப, வேலை முடிந்து நேராக நாண்டி விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. சிப்பாய்கள் ரோட்டில் மறித்து, விமானம் புறப்படும்வரை உட்கார வைத்துவிட்டார்கள் என்று மறுநாள் சொன்னார். அப்போது எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு அப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. மகளிடம் ஃபோனில் பேசியபோதும் அதையேதான் சொன்னார். பிறகு கனடா போகவேயில்லை. காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார்.

இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. நான் அப்போது பா ஊரில் ஆசிரியை. கோயில்காரர்கள் நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல வருஷம் இப்படியே போன பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு பிஜிய நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் விவரம் சொன்னாள்.

"இங்க பாவுல இருந்தா நான் வரமாட்டேன், மில்லுல பூரா தெரிஞ்சிபுடும். லௌடோகான்னா செரி" என்றார் சித்தப்பா.

அங்கே எல்லாரும் சார்ஜெண்ட் என்று கூப்பிட்ட, பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பிஜியர் இருந்தார். ராணுவத்தை விட்டு வந்தவர். பிஜி இந்தியர்கள் எல்லாரும் பேசும் எங்கள் ஹிந்தியை எங்களைப் போலவே பேசுவார். தேநீர் ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு கோப்பையில் தட்டிக்கொண்டே இருக்கும்; அவ்வளவு கைநடுக்கம். வழக்கமாக சித்தப்பாவின் பக்கத்தில்தான் உட்காருவார். பல வாரம் பேசாமலிருந்த சித்தப்பா, ஒரு நாள் வாய்திறந்து சிப்பாய் மறித்த கதையைச் சொன்னார்.

அடுத்த வாரம் சார்ஜெண்ட் எழுந்தார். அந்த வருஷம் பாவுக்கும் லௌடோகாவுக்கும் நடுவில், நாண்டி போகும் ரோட்டை மறித்து நின்றவர்களில் தானும் ஒருவன் என்றார். குடித்திருந்ததால் யாரை நிறுத்தினேன், யாரை விட்டேன் என்று எதுவும் ஞாபகமில்லை, உங்களை நிறுத்தியது நானாகத்தான் இருக்கும் என்றார். "ஹம்கே மாஃப் கரோ, பையா" என்று மன்னிப்புக் கேட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சித்தப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்தபடி, அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் புரியாத தமிழில் பேசினார்.

"என்ன எவனும் நிறுத்தல. நான் நாண்டிக்குப் போனேன். நிக்க முடியாம குடிச்சிருந்தேன். புள்ள முன்னால அப்பிடிப் போயி நிக்க மொகமில்ல. வேலிக்கு வெளிய, கரும்பு ஓரமா குந்திகினு ப்ளேன் போறதப் பாத்தேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சார்ஜெண்டும் அப்படித்தான் நினைத்தார்.

திரும்பும் வழியில், "அவர்கிட்ட ஹிந்தியில சொல்லிடுங்க சித்தப்பா" என்றேன். "வர்ற வாரம் சொல்லிடறேன் பாப்பா" என்றார்.

அந்த வாரம் தலைநகர் சுவாவில் மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடினோம், பஸ் ஓடவில்லை. கூட்டம் திரும்பக் கூடியபோது சார்ஜெண்ட் வரவில்லை. சித்தப்பா விசாரித்துக்கொண்டு அவருடைய கிராமத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். சார்ஜெண்ட் மறுபடி குடித்து, ஆற்றில் விழுந்து இறந்துபோயிருந்தார். அவர் மனைவி பாய் விரித்து எங்களை உட்காரவைத்தாள். இந்த முறை சித்தப்பா எல்லாவற்றையும் ஹிந்தியில் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "தினமும் சாயங்கால ஜெபத்தில் அவர் உங்கள் மகளுக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தார்" என்றாள்.

அதன்பின் சித்தப்பா குடிக்கவில்லை. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் புறப்பட்டுப்போக, சில வாரம் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருப்போம். "கெட்டில் தட்டுற சத்தம் கேக்குதா பாப்பா?" என்று ஒருமுறை கேட்டார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. இப்போது நான் குடியேறியிருக்கும் ஆக்லாந்தில், பட்டப்பகலில், என் சமையலறையில் எனக்கும் சில சமயம் கேட்கிறது.

மகளிடம் மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் ஃபோனை எடுப்பார். வாயில் சிப்பாய்தான் வருவான்.

அவர் இறந்தபோது மகள் கனடாவிலிருந்து வந்தாள். காரியம் முடிந்து அவளை நாண்டிக்குக் காரில் கொண்டுபோனேன். விமான நிலையத்து வேலியை ஒட்டிய கரும்புக்காட்டருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தமிழ் மறந்துபோனவள், அக்கா என்ற வார்த்தை மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அப்பா இங்கேதான் உட்கார்ந்திருந்தார். விமானம் ஓடுபாதையில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் அம்மா, அவர் வரவில்லையே என்று அழுதுகொண்டிருந்தாள். வந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது."

அதை ஏன் அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சிப்பாய் கதையைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கும். நடுவில் எப்படி நிறுத்துவது, அக்கா?"