கை வைக்காதவனுக்கே சான்றிதழ்

மஸ்கட்டில் எங்கள் அலுவலகப் பாண்ட்ரியில் குழாய் ஒழுகினால் யாரும் கை வைப்பதில்லை. நின்று பார்க்கிறார்கள், புகார் எண்ணுக்கு ஒரு போன் போடுகிறார்கள், டீயோடு போய்விடுகிறார்கள். வந்த புதிதில் நான் ஒருநாள் கைக்குட்டையைச் சுற்றி இறுக்கித் திருகி நிறுத்தினேன். நன்றி சொல்வார்கள் என்று நின்றால், பிளம்பர் வேலையும் தெரியுமா என்று ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். அந்த வியாதிதான் என் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

என் வேலை சிஸ்டம் ஆடிட். கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் யாருக்கு எதைத் திறக்க உரிமை, பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது. அறந்தாங்கி மச்சானுக்கு இது விளங்காது. லீவில் போனால் இன்கம்டாக்ஸ் காகிதங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே மேலாளர் சாலிமுக்கு நானே விளங்கவில்லை. ஒரு கம்பெனியில், வேலையை விட்டுப் போனவரின் லாகின் மூடாமல் கிடந்தது. அங்கிருந்த ஐ.டி. ஆளிடம் சொல்லி அப்போதே மூடவைத்துவிட்டு, பெருமையாக வந்து சொன்னேன்.

"மூடிவிட்டீர்களா? அப்படியென்றால் ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதுவது?" என்றார் சாலிம்.

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. சிஸ்டம் ஆடிட்டில் தொழில்முறைச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அப்போ இத்தனை வருட அனுபவம்? அதைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டிக்கொள்ளலாம். மகள் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் வேறு. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆவூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். பதற்றத்தில் என்ன நேர்ந்தேன் என்பது மறந்துபோய், மறுபடி வேறொன்று நேர்ந்துகொண்டேன்.

முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். கேள்வியெல்லாம் ஒரே தினுசு: ஓர் ஓட்டையைப் பார்க்கிறீர்கள், ஆடிட்டர் முதலில் என்ன செய்ய வேண்டும்? விடைகளில் ஒன்று 'உடனே சரிசெய்ய வேண்டும்' என்றிருக்கும். என் விரல் நேரே அதில் போய் விழும். அது என் மாதிரி ஆட்களுக்கு வைத்த பொறி. தானே சரிசெய்தால் அப்புறம் தன் வேலையைத் தானே தணிக்கை செய்கிற மாதிரி ஆகிவிடுமாம். நியாயம்தான், ஆனால் விரலுக்கு நியாயம் தெரியுமா? என் மனைவி செலினிடம் போனில் புலம்பினேன்.

"நீங்க ஏங்க எல்லாத்தையும் சரிபண்ணப் போறீங்க? நம்ம வீட்ல ஃபேன் ஓடலைன்னா, ஓடலன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவீங்கள்ல, அதே மாதிரி எழுதிட்டு வாங்க" என்றாள்.

ஃபேன் வைத்தியம் பலித்தது. அடுத்த தடவை தேறிவிட்டேன்.

எனக்கு எரிச்சல் இதற்கப்புறம்தான். ஒரு வாடிக்கையாளரின் பேக்கப் வேலை செய்கிறதா என்று யாருமே சோதித்ததில்லை, டேட்டா அழிந்தால் அம்போதான் என்று முன்பெல்லாம் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். சாலிம் போனைத் தடவிக்கொண்டிருப்பார். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து ஒட்டியதும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன். கூட்டம் போட்டார்கள். பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபுக் காபியும் வந்தன. ஒப்பந்தமும் புதுப்பித்தாயிற்று. சத்தியமாக எனக்கு அறிவு கூடவில்லை, கேட்கிற காதுதான் கூடியது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளே, அந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். திட்டிக்கொண்டாவது வாங்குங்கள்.

போன லீவில் செலினோடு திருமயம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். எதிரே ஒருவர் பைக்கைக் கிளப்பினார். பின்னால் மனைவி, மடியில் கைக்குழந்தை. சைடு ஸ்டாண்டு மடக்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் பார்த்தவன் நான்தான். ஆபத்து: அதிகம், பரிந்துரை: மடக்கவும் என்று மனசுக்குள் வாக்கியம் அழகாக ஓடுகிறது, வாய் திறக்கவில்லை. அதற்குள், "அண்ணே, ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று செலினும் பஸ் ஸ்டாப்பில் நின்ற மொத்தப் பேரும் கத்தினார்கள். அவர் காலால் தட்டி மடக்கிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஒங்களுக்கு என்னங்க ஆச்சு, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் செலின்.

எல்லோரும் அவருக்குக் கை காட்டினார்கள். என் கையும் எழுந்தது, பாதியில் அப்படியே நின்றது.