பெட்டிக்குள் கிடந்த பணம்

என் அக்காவுக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. விரலும் நடுங்க ஆரம்பித்தது. அறுபது முடிந்ததும் நின்றுவிடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் கடைசிச் சில வருடங்களை ஓட்டினாள்.

அந்த நினைப்புக்குத் துணை, வங்கியில் அவள் வைத்திருந்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பட்டறை முதலாளி ஓய்வூதியம் என்று ஒரு செல்லாக்காசுகூடத் தருகிறவர் இல்லை. அதனால் அத்தான் இறந்த வருடம் அவளே போய் ஆரம்பித்தாள். வருடா வருடம் அதில் கட்டுவதை வருமானத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும். உள்ளே பெருகுவதற்கும் வரி கிடையாது. அறுபதுக்குமேல் எடுக்கும்போது வரி உண்டு. ஆனால் அப்போது சம்பளம் இருக்காதே, கொஞ்சமாகத்தான் போகும். நடுவில் கைவைத்தால் மட்டும் வரியோடு பத்து சதவீதம் அபராதம். இதையெல்லாம் அக்கா பாடம்போல ஒப்பிப்பாள்.

அந்தக் கணக்குக்காக அவள் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள். அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டாள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவள், தான் சிரிப்பதற்குக் காசு கேட்பாள் என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

அக்கா மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு அந்தப் பணத்தை எடுத்துத் தரச் சொன்னாள். பத்து சதவீதம் வீணாகப் போய்விடும் என்று அக்கா மறுத்துவிட்டாள். “நாளைக்கு உனக்கு நான் பாரமா இருக்கக் கூடாது. அதுக்குத்தான்டி சேர்க்கறேன்” என்றாள். மகள் துணிக்கடைக்குப் பில் போடப் போனாள். இன்றும் அங்கேதான் நிற்கிறாள்.

அறுபது முடிந்த வாரம் அக்காவோடு நானும் வங்கிக்குப் போனேன். அதிகாரி கணினியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

“பணம் கட்டியிருக்கீங்கம்மா. அதை எதுல போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே.”

கணக்கு என்பது வெறும் பெட்டிதானாம். பெட்டிக்குள் வந்த பணத்தைக் கடன்பத்திரத்தில் போடுவதா, பங்கு நிதியில் போடுவதா என்று நாம்தான் எழுதித் தர வேண்டுமாம். தராவிட்டால் ரொக்கமாகவே கிடக்கும், வட்டி பேருக்குத்தான். இருபத்தைந்து வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. அதற்குள் வாடகையும் விலைவாசியும் எங்கேயோ போய்விட்டன. வருடா வருடம் தொகை ஏறுகிறது என்று அக்கா பூரித்துப்போனாளே, அத்தனையும் அவளே கொண்டுபோய்ப் போட்டது. வாயைக் கட்டி எடுத்தாலும் நாலு வருடம் தாங்காது.

இத்தனை வருடத்தில் ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று சண்டை போட்டேன். விதிமுறையில் இருக்கிறது என்றார் அதிகாரி. இப்போது நிதியில் போட்டுப் பதினைந்து வருடம் தொடாமல் விட்டால் நன்றாக வளரும் என்று யோசனை வேறு. அக்கா கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள் என்று பயமாக இருந்தது. கேட்டால்தான் என்ன என்றும் இருந்தது. அன்று சாயங்காலமே வந்தாள். படிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. “என்கூட வந்து இரும்மா, நான் பாத்துக்கறேன்” என்றாள். அக்கா சரி என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பார்த்தால் பட்டறையில் இருக்கிறாள். பல் ஊன்றக் கண் போதாது என்று முதலாளி அவளைப் பாதிச் சம்பளத்துக்குப் பல் அச்சுகளைக் கழுவ வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளை கூப்பிடும்போது உனக்கு என்ன வீம்பு என்று அங்கேயே நின்று கத்தினேன்.

அக்கா அச்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அவ என்னைத் திட்டியிருந்தா போயிருப்பேன்டி.”