அமாவாசையில் மாட்டிய அச்சு

ணங்... ணங்...

சுவருக்கு அந்தப் பக்கம், வண்டி நிற்கும் அறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த பிலவேந்திரன் கண்களை இறுக மூடிக்கொண்டான். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜெகநாதன், வாய்வரை கொண்டுபோன மோர்ச் செம்பை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாப்பா அது? அமாவாசையும் அதுவுமா உன் வூட்ல சுத்தி சத்தம் கேக்குது?"

பிலவேந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிய மனைவி சுத்தியல் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடக்கிறாள் என்று அவன் எந்த வாயால் சொல்வான்!

அன்று ஆரணியே மூச்சடக்கிக் கிடந்தது. அமாவாசையன்று நெசவாளி தறிக்குழியில் இறங்க மாட்டான். தச்சன் உளியைத் தொட மாட்டான், கொல்லன் உலையை ஊத மாட்டான். மற்ற நாளெல்லாம் தறிச் சத்தத்தில் ஊறிக்கிடக்கும் அந்தத் தெருவில் அன்று காக்கை கரைவதுகூடப் பெரிதாகக் கேட்டது. அத்தனை அமைதிக்கும் நடுவே சூசைமேரியின் சுத்தியல் ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது.

சூசைமேரி சேவூரில் பிறந்தவள். நடை பழகிய வயதிலேயே பட்டு நூல் இழைக்கக் கற்றவள். தாய் அந்தோணியம்மாள் கண்ணை மூடியபோது, கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். தறியில் பாவு நூல் அறுந்துவிட்டால் அன்று அப்பனுக்குக் கஞ்சி இல்லை என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்! பிறகு பிலவேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தாள். அவளுடைய சீதனம் ஒரு தகரப் பெட்டி. அவனுடைய சொத்து ஒரு கிழட்டு ஜட்கா வண்டியும் ராணி என்கிற குதிரையும். கோட்டையில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் குதிரைக்காரனான பிலவேந்திரனின் தகப்பனிடம் விட்டுப்போன வண்டி அது.

ரயில் வந்த பிறகு அந்த வண்டிக்கு வாழ்வு வந்தது. ஆரணி ரோடு ரயிலடியில் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். முதல் இடம் பிலவேந்திரனுடையது. ரயில் வந்த அன்றைக்கு முதல் ஆளாகப் போய் நின்றவன் அவன். புடவை வாங்க வரும் வியாபாரிகள் இறங்கியதும் கண்ணில் படுவது முதல் வண்டிதான். கடைசியில் நிற்கிறவனுக்குச் சில நாள் புல்லுக்கட்டுக்கும் வழியிருக்காது.

வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு கட்டு வைத்திருந்தார்கள். எந்த வண்டி ரயிலடிக்கு வராமல் நின்றுபோனாலும் அடுத்த அமாவாசை வரைக்கும் அதன் இடத்தைக் காப்பாற்றி வைப்பார்கள். அமாவாசைக்கு மறுநாள் காலை ரயிலுக்கும் அது வரவில்லையென்றால் பின்னால் நிற்கிற வண்டி முன்னால் ஏறிவிடும். இழந்தவன் திரும்பி வந்தால் வாலில்தான் நிற்க வேண்டும்.

கண்ணமங்கலம் சாலையில் வண்டியின் அச்சு முறிந்து பிலவேந்திரனின் தொடையெலும்பும் முறிந்தபோது, வரிசையில் இரண்டாவதாக நின்றது ஜெகநாதனின் வண்டி. மூன்றாவதும் நான்காவதும்கூட அவருடையவைதான். அன்றிலிருந்து அவர் அடிக்கடி நலம் விசாரிக்க வந்துகொண்டிருந்தார். அவர் வரும்போதெல்லாம் சூசைமேரி மோர் கொடுத்தாள். மோரில் உப்புப் போட மட்டும் மறந்துபோனாள்.

புது அச்சு அடிக்கச் சொல்லிக் கொல்லன் ஜெயவேலிடம் நடையாய் நடந்தாள். "இன்னிக்கு முடியாது மேரி, ஜெகநாதண்ணன் வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் இரும்புப் பட்டா அடிச்சிகினு இருக்கேன்" என்பான். நல்லாயிருந்த பட்டாவையெல்லாம் கழற்றி மறுபடி அடிக்கச் சொல்கிறாரே என்று அவனுக்கே வியப்பு. கடைசியில் நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அச்சு கைக்கு வந்தது.

"மாட்டிக் குடுங்கண்ணா."

"இருட்டிப்போச்சும்மா. நாளைக்கு அமாவாசை, சுத்தி தொட மாட்டேன். நாளன்னிக்கு வெடிஞ்சதும் மொத வேல உன்னுதுதான்" என்று சொல்லி, செய்த பொருளுக்கு வைக்கிற குங்குமப் பொட்டை அச்சின் நடுவில் வைத்துக் கொடுத்தான் ஜெயவேல்.

நாளை மறுநாள்! அதற்குள் காலை ரயில் போய்விடாதா? அச்சைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்த அந்தப் பெண்ணின் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும்!

ஜெகநாதன் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வண்டி அறைக்குள் போனார். உரலையும் கருங்கல்லையும் முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தாள் சூசைமேரி. முறிந்த அச்சு மூலையில் கிடந்தது. புது அச்சு, வண்டியைத் தாங்கும் இரும்பு வில்லுக்கு அடியில் ஏறியிருந்தது. இரண்டு சக்கரமும் மாட்டியாகிவிட்டது. அவள் முகத்திலும் கையிலும் சக்கரத்துக்குப் பூசும் வண்டி மை.

"ஏம்மா, ஆம்பள வேலய பொம்பள செய்யறதே தப்பு. அதையும் அமாவாசையில செய்வாங்களா?"

"எங்க கோயில்ல அமாவாசைக்கு லீவு இல்லீங்கண்ணா. ஞாயித்துக்கிழமதான்."

"பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல. வண்டியையும் குதிரையையும் எனக்கே குடுத்துடும்மா. உன் புருசன் எழுந்து நடக்க ஆரமிச்சா என் வண்டி ஒண்ண ஓட்டட்டும். மாசம் பொறந்தா சம்பளம். எதுக்கு இந்தப் பேஜார்?"

"எங்க வண்டி எடத்துல உங்க வண்டி நிக்கணும். உங்க வண்டியில எங்க வூட்டுக்காரரு கூலிக்கு ஒக்காரணும். அதானே?"

ஜெகநாதன் வாயைத் திறக்குமுன் அவர் கண் சக்கரங்களின்மேல் விழுந்தது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி! சக்கரத்தப் பாரு! ரெண்டும் தலைய ஒட்ட வெச்சிகினு மாமியாரப் பத்திப் பேசிகினு இருக்குது! இத ஓட்டிகினு நீ பக்கத்துல கீற பாளையத்தக்கூடத் தாண்ட மாட்ட!"

உண்மைதான். சக்கரங்களின் மேல்விளிம்புகள் உள்பக்கமாகச் சாய்ந்து வண்டிப் பெட்டியின் பலகையை உரசிக்கொண்டிருந்தன. சூசைமேரிக்குத் திக்கென்றது. பகலெல்லாம் பட்ட பாடு! ஒரு கணம் அவள் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணுக்கு நேரே இருந்தது அந்தக் குங்குமப் பொட்டு, மேல்பார்த்து.

பொட்டு வைத்த பக்கம் நெற்றி, நெற்றி மேலேதான் இருக்கும் என்று நினைத்து மாட்டிவிட்டாள்! அச்சின் இரண்டு முனைகளும் துளியளவு கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரங்களின் தலை வெளிப்பக்கம் விரியும். ஜெயவேலோ பட்டறைக் கல்லில் அச்சு எப்படிக் கிடந்ததோ அப்படியே, அதன் அடிவயிற்றில் பொட்டு வைத்திருக்கிறான். குங்குமத்தை நம்பிய கிறிஸ்தவப் பெண் அச்சைத் தலைகீழாக மாட்டிவிட்டாள்.

"ரொம்ப நல்லதுங்கண்ணா. நீங்க சிரிக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் கடையாணியைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஜெகநாதனின் சிரிப்பு நின்றது.

"மேரி!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிலவேந்திரன் கத்தினான். "போதும் மேரி! வுட்டுடு! என் மானம் போவுது!"

"போற மானம் காலையில ரயிலடிக்குத்தான் போவும். அங்கேயே போயி எடுத்துக்கலாம்!"

"மாட்டிட்டா மட்டும் ஆச்சா?" என்றார் ஜெகநாதன். "ஓட்டறது யாரு? உன் புருசன் கட்டிலோடவா வருவான்?"

"நான் ஓட்டறேன்."

"பொம்பளயா?"

"வண்டி வந்து நிக்கணும்னுதான் உங்க கட்டு. லகான் யார் கையில இருக்கணும்னு ஆரும் சொல்லல. சொன்னீங்களா?"

ஜெகநாதன் யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டி வரும் என்று எவனுக்குத் தோன்றியது!

அவர் போயிருக்கலாம். போகவில்லை. அவள் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கதவோரம் சாய்ந்து நின்றார். திருகு மரைகளைத் தளர்த்தி, அச்சைப் புரட்டி, மறுபடி முடுக்குவதற்குள் வெயில் தெருவை விட்டு இறங்கிவிட்டது. அவள் தோள் வலித்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. ஆனால் முதல் சக்கரம் ஏறியபோது அதன் தலை அழகாக வெளியே விரிந்து நின்றது. ஜெகநாதனும் ஒரு காலத்தில் லகான் பிடித்த கை. சரியாக நிற்கும் சக்கரத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவர் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது சக்கரத்தை அச்சில் ஏற்றிவிட்டு, கடையாணியை எடுக்க அவள் குனிந்தாள். அப்போதுதான் உரல் வழுக்கியது!

வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆணி போடாத சக்கரம் அச்சிலிருந்து நழுவி, குனிந்திருந்தவளின் முதுகை நோக்கி வந்தது. "ஐயோ மேரி!" என்று கட்டிலிலிருந்து கத்தினான், ஒன்றையும் பார்க்க முடியாத அந்தக் கணவன்.

ஆனால் சக்கரம் அவள்மேல் விழவில்லை. இரண்டு கைகள் அதைத் தாங்கின. ஜெகநாதன் ஆரக்கால்களைப் பிடித்தபடி, சாய்ந்த வண்டிக்குத் தோளைக் கொடுத்து நிமிர்த்தி, சக்கரத்தை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"கடையாணி! ஜல்தி போடும்மா, ஜல்தி!"

ணங்! ஒரே அடி. கடையாணி இறங்கி உட்கார்ந்தது.

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். உரலை மறுபடி முட்டுக் கொடுத்துவிட்டுச் சூசைமேரி சக்கரத்தைத் தட்டிவிட்டாள். அது உரசாமல், ஆடாமல் சுற்றியது. ஜெகநாதன் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் கருப்பு. வெள்ளை அங்கவஸ்திரத்திலும் மை அப்பியிருந்தது.

"அண்ணா," என்றாள் அவள், மூச்சு இன்னும் அடங்காமல். "உசுரக் காப்பாத்தினீங்க. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எடத்த மட்டும் குடுக்க மாட்டேன்."

"நான் ஊர்ல சொல்லுவேன். அமாவாசையில நீ சுத்தி எடுத்தன்னு, எல்லாரையும் கூட்டி வெச்சிச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. சக்கரம் பிடிச்சது ஆருன்னு கேட்டா அதையும் சேத்துச் சொல்லிடுங்க."

ஜெகநாதன் தன் மைக் கைகளை மறுபடி பார்த்தார். அமாவாசையில் வேலையைத் தொட்ட குற்றத்துக்குத் தன் வண்டிக்காரர்களையே பட்டினி போட்டவர் அவர்! இப்போது கையை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

அவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். சீயக்காய் கொடுத்தாள். அவர் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வண்டி மை அவ்வளவு சுலபத்தில் போகிற சரக்கா?

உள்ளேயிருந்து பிலவேந்திரனின் குரல் வந்தது. இந்த முறை அதில் கத்தல் இல்லை, அழுகை இருந்தது.

"மேரி... சாட்டை இந்தக் கட்டிலுக்கு அடியிலதான் கீது. எடுத்துக்க. ராணிய இடது பக்கமா தட்டாத, அதுக்குக் கோவம் வரும்."

கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள் சூசைமேரி. தாய் செத்த அன்று எடுக்காத கையை இன்று எடுத்தாள். துடைத்த இடத்தில் மை இன்னும் கொஞ்சம் பரவியது.

ஜெகநாதன் அங்கவஸ்திரத்தை மடித்து, மையை உள்பக்கமாக வைத்து, அதற்குள் இரண்டு கைகளையும் ஒளித்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"காலையில நான் வரமாட்டேம்மா. என் ஆளுங்கதான் வருவாங்க."

"வரச் சொல்லுங்க. எங்க வண்டிக்குப் பின்னால நிறைய எடம் கீது."

அவர் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டில் யாரோ "இன்னா முதலாளி, குளிருதா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் வேகமாக நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த சூசைமேரி, மைக் கையாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.